நாற்கரச் சாலையும் ஊர்த் தெருவும்: தூத்துக்குடி–திருநெல்வேலிச் சாலையில் வண்டி ஓட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார், வேன், பேருந்து, லாரி, ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்கு,



பாளையங்கோட்டையின் கிழக்கு ஓரத்தில் தொடங்கி, தாமிரபரணியைக் கடந்து, வல்லநாடு, வாகைக்குளம், புதுக்கோட்டை, மறவன்மடம், கோரம்பள்ளம் ஆகிய ஊர்களின் ஊடாகத் தூத்துக்குடி வரை ஏறத்தாழ 47 கி.மீ. தொலைவுக்குச் செல்லும் நாற்கரச் சாலையில் நாள்தோறும் வண்டி ஓட்டுவோரை நோக்கி இம்மடல் எழுதப்படுகிறது. இது கூற விழையும் செய்தி ஒன்றே. பார்வைக்கு விரைவுச் சாலையைப் போல இருக்கும் இச்சாலை, அதன் இருமருங்கிலும் வாழும் மக்களுக்கு ஊர்த் தெருவாகவும் இருந்துவருகிறது; ஆகவே ஊர் எல்லை வரும் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைக்கும் கடமை, சாலையைக் கடப்பவரைவிட ஓட்டுநருக்கே முதலில் உரியது.

இங்குக் குறிப்பிடப்படும் புதுக்கோட்டை, அதே பெயர் கொண்ட மாவட்டத் தலைநகர் அன்று. தூத்துக்குடிக்கு மேற்கே, சாயர்புரம் வழியாக ஏரலுக்குச் செல்லும் சாலை நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இடத்தில் அமைந்த சிற்றூர் அது. சாயர்புரம் போப் கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், தாமிரபரணிப் பாசனத்து வாழைத்தாரை ஏற்றிவரும் சிறு லாரிகளும், ஆட்சியர் அலுவலகத்துக்காகக் கோரம்பள்ளம் செல்வோரும், வெளியூர் செல்லப் பேருந்து பிடிப்போரும் கூடிப் பிரியும் சந்திப்பாக அவ்வூர் விளங்குகிறது. தேசிய நெடுஞ்சாலைக் கணக்கில் இச்சாலையின் எண் 138. பழைய எண் 7ஏ. 2010-ஆம் ஆண்டில் நடந்த மறு எண்ணிடலின்படி, வடக்கு தெற்காகச் செல்லும் நெடுஞ்சாலைகள் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஏறுகின்ற இரட்டைப்படை எண்களையும், கிழக்கு மேற்காகச் செல்பவை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறுகின்ற ஒற்றைப்படை எண்களையும் பெற்றன. மூன்று இலக்க எண் கொண்டவை கிளைச் சாலைகள். வேலூரிலிருந்து திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வந்தடையும் 38-ஆம் எண் நெடுஞ்சாலையின் கிளையே 138 ஆகும். இவ்விரண்டோடு கிழக்குக் கடற்கரை வழியே வரும் 32-ஆம் எண் சாலையும் தூத்துக்குடியில் வந்து முடிவதால், மூன்று நெடுஞ்சாலைகளின் கடைசி ஊராக அந்நகரம் இருக்கிறது.

சாலைகள் இவ்வாறு அங்கு வந்து முடிவதற்குக் காரணம் கடல். முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற இக்கரையில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் 1876-இல் மதுரையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும், 1974 ஜூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் நகரின் வாழ்வை முற்றிலும் வேறு திசைக்குத் திருப்பின. இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் அத்துறைமுகத்துக்குக் கண்டெய்னர்களும், அதிலிருந்து நிலக்கரியும், உப்பளங்களிலிருந்து தார்ப்பாய் போர்த்திய உப்பு லோடுகளும் இடைவிடாது சாலையேறுகின்றன. 2025 ஜூலை 26 அன்று வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது; 138-ஆம் எண் சாலையில் துறைமுகத்தை ஒட்டிய 5.16 கி.மீ. பகுதி ஆறுவழியாக அகலப்படுத்தப்பட்டு அதே நாளில் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அடுத்த மாதம் 4-ஆம் நாள் சில்லாநத்தம் சிப்காட் தொழிற்பூங்காவில் வின்ஃபாஸ்ட் மின்வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. இவை அனைத்தும் வட்டாரத்துக்கு வேலையும் வளமும் தருபவை என்பதில் ஐயமில்லை; ஆயினும் ஒவ்வொன்றும் சாலையில் வண்டிகளைக் கூட்டுகிறது, அவ்வண்டிகள் யாவும் சிற்றூர்களின் நடுவே சென்றாக வேண்டியிருக்கிறது.

நெடுஞ்சாலைகளை மூடியவை, திறந்தவை என இரு வகையாகப் பிரிப்பது இவ்விடத்தில் பயன்படும். மூடிய சாலையில் குறிப்பிட்ட ஏறுவழிகள் மூலமாக மட்டுமே வண்டிகள் நுழையவும் வெளியேறவும் இயலும். நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் கால்நடைகளுக்கும் அங்கு இடமில்லை. குறுக்குச் சாலைகள் அனைத்தும் மேலாகவோ கீழாகவோ கடந்துவிடும். பொறியாளர்கள் இதை நுழைவுக் கட்டுப்பாடு என்பர். 1956 ஜூன் 29 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஒப்பமிட்ட சட்டத்தின்படி எழுந்த ‘இன்டர்ஸ்டேட்’ சாலைகள் அத்தகையவை. பெருநகரங்களின் நெஞ்சுக்கு நடுவே சென்றாலும், அவற்றில் ஓட்டுபவர் தமக்கு முன்னே ஒருவர் குறுக்கே நடந்து வருவார் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது: செயின்ட் பால் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ரோண்டோ என்னும் குடியிருப்பை 94-ஆம் எண் இன்டர்ஸ்டேட் இரண்டாகப் பிளந்தது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. மூடிய சாலை ஊரைப் பிரிக்கிறது. திறந்த சாலையோ ஊரைப் பிரிக்காமல், ஊராரை வண்டிகளின் முன்னே நிறுத்துகிறது.

138-ஆம் எண் சாலை திறந்த வகையைச் சேர்ந்தது. நடுவே சென்டர் மீடியன் எனப்படும் பிரிப்புத் திட்டு, வழுவழுப்பான தார்ப்பரப்பு, பெரிய பச்சைப் பலகைகள் ஆகியவை அதற்கு மூடிய சாலையின் தோற்றத்தைக் கொடுத்துவிடுகின்றன. வாகைக்குளம் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வழியே கட்டணம் கழிந்து தடுப்புக்கம்பு உயர்ந்தவுடன், பணம் கொடுத்த சாலை தமக்கே உரியது என்னும் எண்ணம் ஓட்டுநர் மனத்தில் எழுவதும் இயல்பே. ஆனால் 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி செலுத்தப்படும் தொகை, சாலையை அமைத்ததற்கும் பேணுவதற்கும் உரிய கட்டணமே ஆகும். சாலையைக் கடக்கும் ஊராரின் வழியுரிமையை எவரும் அதைக் கொடுத்து வாங்கிவிட முடியாது.

புதுக்கோட்டை போன்ற ஊரில் திறந்த சாலை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வீடு ஒருபுறமும் பேருந்து நிறுத்தம் மறுபுறமும் இருப்பவர், செல்லும்போதோ திரும்பும்போதோ ஒரு முறையேனும் நான்கு தடங்களையும் கடந்தாக வேண்டும். ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர், ஒரு திசைக்குரிய இரு தடங்களும் ஓரத் தார்ப்பட்டையும் சேர்ந்தால் 8.5 மீட்டர் ஆகும். நொடிக்கு 1.2 மீட்டர் வீதம் நடக்கும் ஒருவர் இந்த அகலத்தைக் கடக்க 7 நொடி எடுத்துக்கொள்கிறார்; கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் முதியவருக்கும் இன்னும் கூடுதலான நேரம் தேவைப்படும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 7 நொடியில் 190 மீட்டருக்கும் மேல் ஓடிவிடுகிறது. எனவே கடக்கத் தொடங்கியபோது தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரிந்த வண்டி, கடந்து முடிப்பதற்குள் அவர் மேல் வந்துவிடுகிறது. அவர் பார்க்காமல் குறுக்கே ஓடிவந்தார் என்று பின்னர் சொல்லப்படும் பல நிகழ்வுகளில், அவர் பார்த்துத்தான் வந்திருப்பார். அவ்வளவு தொலைவிலுள்ள வண்டியின் வேகத்தை மனிதக் கண்ணால் சரியாக அளக்க முடியாமற்போனதே குறை.

ஓட்டுநர் பக்கத்துக் கணக்கும் இதே உண்மையைச் சொல்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும் எனக் கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை நொடிக்குள்ளேயே வண்டி 40 மீட்டரைக் கடந்துவிடும். உலர்ந்த சாலையில், நல்ல டயர்களோடு, முழுதாக நிற்க மொத்தம் ஏறத்தாழ 100 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் அதே கார் 45 மீட்டருக்குள் நின்றுவிடும். இரவில் தாழ்த்திய முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய 50 மீட்டர் மட்டுமே என்பதால், 100 கி.மீ. வேகத்தில் செல்பவர் தம் விளக்கொளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்த இயலாதவராகிறார்.

சட்டமும் இவ்விடத்தில் தெளிவான ஒரு பாடத்தைத் தந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை, நடுவே பிரிக்கப்பட்ட நாற்கரச் சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ., விரைவுச் சாலைகளில் 120 கி.மீ. என உச்ச வேகத்தை உயர்த்தியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. எண் எதுவாயினும், வேக வரம்பு என்பது சாலை தாங்கக்கூடிய எல்லையைக் குறிக்குமேயன்றி, எல்லா இடத்திலும் எட்ட வேண்டிய இலக்கைக் குறிக்காது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாட்டின் சாலை நீளத்தில் மிகச் சிறு பங்கே கொண்ட தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச் சாலைகளிலும் மட்டும் அவர்களுள் 61,038 பேர் மாண்டனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்றாண்டுகளில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ விளைத்த ஐந்து விபத்துகள் நடந்த இடத்தையும், பத்து உயிர்கள் போன இடத்தையும் விபத்துக் கரும்புள்ளி என்று அரசு வகைப்படுத்துகிறது; ஓர் இடம் அப்பெயரைப் பெறும்போது அங்கே ஏற்கெனவே குடும்பங்கள் சிதைந்திருக்கும்.

எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களைக் குறித்து ஓட்டுநர்களிடம் நியாயமான கோபம் உண்டு. அப்பழக்கம் தவறு என்பதில் மாறுபாடில்லை. எனினும் அதன் காரணத்தை அறிந்தால் எச்சரிக்கை கூடும். மீடியனில் அடுத்த திறப்பு தொலைவில் இருக்கும்போது, எதிரே கண்ணுக்குத் தெரியும் கடைக்கோ தோட்டத்துக்கோ செல்ல வேண்டியவர், போகவும் வரவும் சில கிலோமீட்டர் சுற்றுவதற்குப் பதிலாக ஓரமாகவே எதிர்த்திசையில் வந்துவிடுகிறார். உள்ளூர்ப் போக்குவரத்துக்கென நெடுஞ்சாலைக்கு இணையாக அமைக்கப்படும் சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இல்லாத இடங்களில் இது நாள்தோறும் நடக்கும். சர்வீஸ் ரோடும், சுரங்கப்பாதையும், நடைமேம்பாலமும், விளக்கும் அமைப்பது அரசின் கடன். அவற்றைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடன். அவை வந்து சேரும் வரை இடது ஓரத்தில் எதிரே ஒரு வண்டி வரக்கூடும் என எதிர்பார்த்து ஓட்டுவது ஓட்டுநரின் கடனாகவே இருக்கும்.

ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்கு இம்மடல் தனியே சில சொற்களைக் கூற வேண்டும். நாற்பதடிக் கண்டெய்னர் ஏற்றிய வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உட்பக்கமாக ஒடுங்கிய வேறொரு வளைவில் வருகின்றன. சந்திப்பில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் மிதிவண்டிக்காரருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. முன்பகுதி கடந்துவிட்டதைக் கண்டு வழி கிடைத்ததென அவர் நகரும் அந்நேரத்தில்தான் பின்சக்கரங்கள் அவரை நெருங்குகின்றன. கேபினில் அமர்ந்திருப்பவருக்கும் அந்த இடம் கண்ணாடியில் முழுமையாகத் தெரிவதில்லை. ஆதலால் கிளீனர் உடனிருந்தால் இடப்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல வைப்பதும், இல்லையெனில் நடைவேகத்தில் திரும்புவதும் இன்றியமையாதவை. கப்பலுக்குச் சரக்கைப் பெற்றுக்கொள்ளும் கடைசி நேரமாகிய ‘கட்-ஆஃப்’ கடந்துவிட்டால் பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்கான கேள்விகள் ஓட்டுநரை நோக்கியே வரும் என்பதும் உண்மை. ஆயினும் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையையும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாமல் அரை மணி ஓய்வையும் ஓட்டுநரின் உரிமையாக வகுத்தது. வண்டி உரிமையாளரிடம் அவ்வுரிமையைக் கேட்கும் ஓட்டுநர் தம் குடும்பத்துக்கும் சாலையோரக் குடும்பங்களுக்கும் ஒருசேர நன்மை செய்கிறார். உறக்கம் வந்த கண்ணோடு துறைமுக வாயிலுக்குப் போய்ச் சேர்வதைவிட, தாமதமாகச் சேர்வதே மேல்.

பாலத்தையும் மழையையும் குறித்தும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வல்லநாட்டருகே தாமிரபரணியின் மேல் உள்ள இரட்டைப் பாலத்தில் மேற்பரப்பு பலமுறை பெயர்ந்து, ஒரு பாலத்தை மூடிவிட்டு மற்றதில் இரு திசை வண்டிகளையும் விட நேர்ந்தது. நாற்கரச் சாலையில் ஒருவழிப் பழக்கத்தோடு வருபவர் சில நூறு மீட்டருக்கு மட்டும் எதிர்வண்டியைச் சந்திக்க வேண்டிய இத்தகைய மாற்றுவழிகளில், முந்திச் செல்லாமல் வரிசையில் நிற்பதொன்றே பாதுகாப்பு. மழைக்காலத்தில் ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் வடகால் நீரின் கடைசிக் குளமான கோரம்பள்ளம் குளமும், அதன் உபரிநீர் கடலுக்குச் செல்லும் ஓடையும் இச்சாலைக்கு அருகிலேயே உள்ளன. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியபோது, அக்குளம் உடைந்து சுற்றுப்புறம் நீரில் மூழ்கியது. தூத்துக்குடி–திருநெல்வேலிப் போக்குவரத்தும் அறுபட்டது. தரைமட்டத்தைவிட உயர்த்திக் கட்டப்பட்ட சாலை, நீரோட்டத்துக்குக் குறுக்கே கரையைப்போல நிற்கிறது என்பதையும், மேலே தண்ணீர் ஓடும்போது அடியில் சாலை இருக்கிறதா இல்லையா என்பதைக் கேபினிலிருந்து அறிய முடியாது என்பதையும் அந்நாள்கள் காட்டின. தடுப்பு வைத்த இடத்தில் வண்டியைத் திருப்புவது கோழைத்தனம் அன்று.

கோரம்பள்ளத்தைத் தாண்டி நகருக்குள்ளும் துறைமுகப் பக்கமும் செல்பவர் வேறு வகை மக்களைச் சந்திக்கிறார். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், உப்பளத் தொழிலாளர் பலர் விடியலுக்கு வெகுமுன்பே மிதிவண்டியிலும் மொபெட்டிலும் கிளம்பிவிடுகின்றனர். சாலை காலியாக இருக்கிறது என்று லாரிகள் வேகமெடுக்கும் அதே நேரம் அது. அவர்களுடைய வண்டிகளில் பின்விளக்கு இல்லாமலும் இருக்கும். தைப்பூசம் போன்ற விழாக்களின்போது வடக்கேயுள்ள ஊர்களிலிருந்து தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையாக வரும் முருக பக்தர்கள் இரவிலும் சாலையோரம் நடக்கின்றனர். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-இல் நிறைவுறும்போது நகரைச் சுற்றிய சாலைகள் அனைத்திலும் கூட்டம் நிறைகிறது. இவர்களுக்கிடையே மற்றோர் ஆபத்து ஓசையின்றி நிற்கிறது: பழுதானதாலோ, முறை வருவதற்காகவோ, உறங்குவதற்காகவோ ஓரத்தில் நிறுத்தப்பட்ட, பின்புறம் எந்த ஒளியும் இல்லாத லாரி. வண்டியை அதற்கென ஒதுக்கிய நிறுத்திடத்தில் நிறுத்துவதும், பழுதானால் நான்கு பக்க விளக்கையும் எரியவிட்டு, ஒளி திருப்பும் முக்கோணத்தைப் போதிய தொலைவில் பின்னே வைப்பதும், பின்புற ஒளிப்பட்டையைத் துடைத்து வைத்திருப்பதும் செலவில்லாமல் உயிர் காக்கும் செயல்கள்.

எல்லாக் கவனத்தையும் மீறி விபத்து நேர்ந்துவிடுமானால், முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையே பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது. 108-க்கும், நெடுஞ்சாலை உதவி எண்ணாகிய 1033-க்கும் அழைப்பதில் தயக்கம் கூடாது. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைச் சட்ட நடவடிக்கையிலிருந்து காக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவர் எவராயினும் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். கூட்டம் கூடி அடிக்கும் என்ற அச்சத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபவர், காப்பாற்றியிருக்கக்கூடிய ஓர் உயிரை விட்டுவிட்டுப் போகிறார். அங்கே நிற்க அஞ்சினால், அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று உடனே தெரிவிப்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு.

ஓட்டுநர் பெருமக்களே, இத்தனையும் சொல்லி இம்மடல் வேண்டுவன சிலவே. ஊர்ப்பெயர்ப் பலகையைக் கண்டவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வீடுகளும் கடைகளும் முடியும் வரை 50 கி.மீ.க்கு மேற்படாமல் செல்லுதல். பேருந்து நின்றிருக்கும் இடத்தில் அதன் முன்னாலிருந்து ஒருவர் வெளிப்படுவார் என்று எண்ணியே கடத்தல். மீடியன் திறப்புக்கு முன்னே வலத்தடத்தை விட்டு இடத்தடத்துக்கு வந்து, திரும்புவோருக்கு இடங்கொடுத்தல். ஹாரனை வழி கேட்கும் அதட்டலாக ஆக்காமல் எச்சரிக்கையாக மட்டும் பயன்படுத்துதல். நிற்க இயலாத வேகத்தில் இரவில் ஓட்டாதிருத்தல்.

இவற்றால் இழக்கப்படும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஊர்ப்பகுதிகள் அனைத்தையும் சேர்த்து 10 கி.மீ. எனக் கொண்டு, அந்தப் பத்தையும் 90-க்குப் பதிலாக 50 கி.மீ. வேகத்தில் கடந்தால், திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்ல ஏறக்குறைய ஐந்தரை நிமிடம் கூடும். விமானத்தையோ கப்பலையோ பிடிக்க வேண்டியவர் அந்த ஐந்தரை நிமிடத்துக்கு முன்னே கிளம்பிவிட முடியும். சாயர்புரம் செல்லப் புதுக்கோட்டையில் சாலையைக் கடக்கும் மாணவிக்கோ, அந்த 7 நொடியைச் சுருக்க வேறு வழியே கிடையாது. அதனால்தான் வேகத்தை விட்டுக்கொடுக்கும் பொறுப்பு, விட்டுக்கொடுக்க இயன்றவரிடம் கேட்கப்படுகிறது.

இப்படிக்கு,
இச்சாலையைக் கடந்து வாழும் ஊர்களின் நலன் நாடி